பூட்டிய வீட்டில் ஓடும் மின்விசிறி

1. முதல் மாடியில் குடியிருந்த நெசவாளர் ஒருவர் விடியற்காலையில் தூக்கத்திலேயே இறந்துபோனார்.

2. உறவினர்கள் ஜோசியரைக் கேட்டார்கள். நட்சத்திரம் சதயம், அடைப்பு என்றார் அவர். ஆறு மாதம் அந்த வீட்டில் யாரும் புழங்கக்கூடாது. உடலை வாசல் வழியாக எடுக்கவும் கூடாது.

3. போர்வெல் லாரியில் வேலை செய்யும் மருமகன் ஒருவர் பிரேக்கர் மெஷினைக் கொண்டுவந்தார். வாசற்கதவுக்குப் பக்கத்துச் சுவரை உடைத்து, குறுக்கே நின்ற கம்பிகளை வெட்டி, அந்த ஓட்டை வழியாக உடலை நடைபாதைக்கு எடுத்து, படியில் இறக்கினார்கள்.

4. காரியமெல்லாம் முடிந்ததும் இறந்தவரின் மனைவி கதவைப் பூட்டிக்கொண்டு தங்கை வீட்டுக்குப் போய்விட்டார்.

5. உடைத்தது செங்கல் சுவர் இல்லை. கட்டடத்தைத் தாங்குகிற கான்கிரீட் சுவர்.

6. இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. காவலாளி போன் செய்தது தண்ணீர்த் தொட்டியின் வால்வு ஒழுகுகிறது என்று சொல்ல. வைக்கும்போது, "அப்புறம் மேடம், செவுத்துல சின்னதா ஒரு ஓட்டை இருக்குதுங்க" என்றார்.

அந்தக் குடியிருப்பின் பராமரிப்பு என் பொறுப்பில் இருக்கிறது. குமாரபாளையத்தில் காவிரிக் கரையோரம் குடிசை போட்டிருந்தவர்களுக்காக, வெள்ளம் எட்டாத மேட்டு நிலத்தில் அரசு கட்டிக்கொடுத்த அடுக்குமாடி வீடுகள். பெரும்பாலும் தறி ஓட்டுகிறவர்கள். நான் திருச்செங்கோட்டிலிருந்து பஸ்ஸில் போவேன். என் பையில் எப்போதும் டார்ச், அளவு நாடா, சாக்பீஸ், விரிசல் அகலம் பார்க்கிற சின்ன பிளாஸ்டிக் அட்டை இருக்கும். என் வேலையில் பாதி விரிசலைப் பார்ப்பது. மீதிப் பாதி, விரிசலுக்குக் கீழே குடியிருப்பவர்களின் பேச்சைக் கேட்பது.

போய்ப் பார்த்தேன். ஓட்டையை ஒரு பிளெக்ஸ் பேனரால் மூடியிருந்தார்கள். யாரோ ஒரு குழந்தையின் காதணி விழா பேனர். தலையில் கிரீடம் வைத்த குழந்தை, காற்று வரும்போதெல்லாம் வயிறு உப்பி, பிறகு ஒட்டிப்போனது. பக்கத்தில் கதவு. அதில் பெரிய பூட்டு. ஒரு ஆள் தாராளமாக நுழையக்கூடிய ஓட்டைக்குப் பக்கத்தில் அவ்வளவு பெரிய பூட்டை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

பேனரை விலக்கினேன். வெட்டின கம்பிகள் உள்ளே பார்த்து வளைந்திருந்தன. டார்ச் தேவைப்படவில்லை. எதிர்ச் சன்னல் வழியாக வெளிச்சம் வந்தது. கயிற்றுக் கட்டில், சுருட்டிய பாய், ஆணியில் ஒரு சட்டை. எல்லாவற்றுக்கும் மேலே மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது.

"உள்ளே யார் இருக்கா?" என்றேன்.

"யாருமில்லீங்க." காவலாளி எனக்குப் பின்னால் நன்றாகத் தள்ளி நின்றிருந்தார். "மெஷின் போட்டப்போ மெயின் ட்ரிப் ஆயிப்போச்சுங்க. பொணம் எடுத்துப் போனதுக்கப்புறம் நாந்தான் கீழ போயி மேல தூக்கி உட்டேன். மேல பார்த்தா ஃபேன் ஓடுதுங்க. அவுரு தூங்கறப்ப போட்டது."

"நிறுத்த வேண்டியதுதானே?"

"ஆருங்க உள்ள போறது?"

சுவிட்ச் போர்டு ஓட்டையின் ஓரத்திலேயே, கை நீட்டினால் எட்டும் தூரத்தில் இருந்தது. அன்றைக்கு நானும் கை நீட்டவில்லை. விரிசல் பார்க்க வந்தேன், அதைப் பார்த்தேன். ஓட்டையின் மேல் மூலையிலிருந்து தளத்தை நோக்கி ஒரு கோடு ஏறியிருந்தது. அதன் இரண்டு முனையிலும் சாக்பீஸால் குறி வைத்தேன்.

திரும்பினால் நடைபாதை நிறையப் பெண்கள். எல்லோருக்கும் ஒரே கேள்விதான் இருந்தது.

"ஏனுங்க மேடம், எப்பங்க அடைப்பீங்க இதை?"

ஓட்டு வீடாக இருந்தால் சுவரை இடித்து உடலை எடுத்த அன்றைக்கே செங்கலை அடுக்கிப் பூசிவிடுவார்கள். போனவர் திரும்பி வந்து பார்த்தால் வழி இருக்கக்கூடாது. இங்கேயும் ஒரு மேஸ்திரியைக் கூட்டிவந்திருக்கிறார்கள். அவர் வெட்டின கம்பிகளைப் பார்த்துவிட்டு, அரசாங்கக் கட்டடம், நான் கை வைக்க மாட்டேன் என்று போய்விட்டார்.

மேல்வீட்டு அக்கா முன்னால் வந்தார். ரவிக்கையில் நூல் பஞ்சு ஒட்டியிருந்தது. தறியிலிருந்து நேராக வந்தவர். "நீங்க இன்ஜினியர்தானுங்களே, ஒண்ணு கேக்கறேன், ஒடச்சுச் சொல்லுங்க. அடைப்புன்னா அந்தக் கூரைக்குக் கீழ ஆரும் புழங்கக்கூடாதுங்கறாங்க. இது அத்தனை ஊட்டுக்கும் ஒரே கூரையா, தனித்தனிக் கூரையா?"

நான் படித்த எந்தப் பாடத்திலும் இந்தக் கேள்வி வந்ததில்லை. அந்தக் கட்டடத்தில் சுவரும் தளமும் ஒன்றாக வார்க்கப்பட்டவை. அதைச் சொன்னால் மொத்தக் கட்டடமும் காலியாகிவிடும். "ஒவ்வொரு வீட்டுக்கும் மேலே அதோட தளம் இருக்குங்க அக்கா. அதுதான் அந்த வீட்டுக்குக் கூரை" என்றேன். அதுவும் உண்மைதான்.

அவர் யோசித்தார். "அப்ப எங்க ஊட்டுத் தரைதான் அவருக்குக் கூரைங்களா?"

பின்னாலிருந்து ஒரு குரல், "போச்சு போ. இனி அக்கா அந்தரத்துலதான் பாய் விரிக்கோணும்" என்றது. எல்லோரும் சிரித்தார்கள். அக்காவும் சிரித்தார். ஆனால் அன்று முதல் அவர் குடும்பம் படுக்கையைச் சமையலறைக்கு மாற்றிக்கொண்டது. கீழே விசிறி சுற்றுவது தரை வழியாகக் காலில் தெரிகிறது என்றார். அந்த மாதிரி அதிர்வு அந்தத் தளத்தில் தெரியாது என்று நான் சொல்லவில்லை. அவர் வீட்டுக்குப் போய், குனிந்து தரையில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன். தெரிந்த மாதிரிதான் இருந்தது.

அலுவலகத்தில் என் மேலதிகாரி போட்டோக்களைப் பார்த்தார். கோபப்படவில்லை. அதுதான் எனக்குக் கவலையாக இருந்தது.

"ஒதுக்கீடு யார் பேர்ல?"

"இறந்தவர் பேர்ல சார். மனைவி பேருக்கு மாத்தித் தரச் சொல்லி மனு கொடுத்திருக்காங்க."

"தாங்குற சுவரை உடைச்சிருக்காங்க. வீட்டைப் பூட்டிட்டுப் போயிட்டாங்க. இதுல ஒண்ணு போதும்மா ரத்து பண்ண. குடியிருக்காத வீட்டைக் கேட்டு எத்தனை பேர் நிக்கிறாங்கன்னு உனக்குத் தெரியாதா?"

தெரியும். அந்த அம்மாவுக்கு வேறு வீடு இல்லை என்பதும் தெரியும். சாவி கொடுத்த அன்றைக்கே கரையோரக் குடிசைகளை இடித்துவிட்டோம். தங்கை வீடு ஒற்றை அறை. அதிலேயே ஒரு தறி. ஆறு மாதம் கழித்து அந்த அம்மா திரும்பி வரும்போது வீடு இருக்குமா என்பது, வீடு பயன்பாட்டில் இருக்கிறதா என்று நான் பார்த்துச் சொல்லப்போவதில் இருந்தது.

"சுவரை உடைச்சது அந்த அம்மா இல்லை சார். சொந்தக்காரங்க" என்றேன்.

"சரி, அதை விடு. வீட்டுல ஆள் இருக்காங்களா இல்லையா? அதைப் பார்த்து எழுது."

சுவரை அடைக்க மதிப்பீடு, ஒப்புதல், ஒப்பந்தக்காரர் என்று வரிசையாக ஆகவேண்டியிருந்தது. அதுவரை தளத்துக்கு இரும்பு முட்டுக் கொடுக்க வேண்டும். உள்ளூர் ஆட்கள் யாரும் வரவில்லை. ஒரிசாவிலிருந்து வந்த இரண்டு பேர் வந்தார்கள். சாவி கேட்டு ஆள் அனுப்பினேன். அடைப்பு முடியாமல் கதவைத் திறக்க முடியாது என்று பதில் வந்தது.

ஆக, ஓட்டை வழியாகத்தான் போகவேண்டும். காவலாளி என் கையைப் பிடிக்காத குறை.

"வேண்டாம் அம்மணி. அது போற வழிங்க. உள்ள வர்ற வழியில்ல."

கம்பியில் துப்பட்டா மாட்டாமல் இடுப்பில் கட்டிக்கொண்டு குனிந்து நுழைந்தேன். அறைக்குள் காற்று இருந்தது, வாசனை எதுவும் இல்லை. அதை நான் எதிர்பார்க்கவில்லை. வெகுநாள் பூட்டிய வீடுகளில் ஒரு புழுக்க வாடை இருக்கும். இங்கே யாரோ இப்போதுதான் எழுந்துபோன மாதிரி இருந்தது. கட்டிலின் கயிறு நடுவில் தொய்ந்திருந்தது. ஆணியில் தொங்கிய சட்டையின் கை விசிறிக் காற்றில் அசைந்தது. முட்டுகளை நிறுத்தும் இடங்களைக் காட்டினேன். வேலை முடிந்து வெளியே வரும்போது, சுவிட்சை அணைத்தேன். விசிறி நிற்கும் வரை அங்கேயே நின்றேன். சட்டையின் கையும் நின்றது.

அடுத்த முறை போனபோது விசிறி ஓடிக்கொண்டிருந்தது.

காவலாளி உள்ளே போகவில்லை என்றார். அவர் போயிருக்க மாட்டார், எனக்குத் தெரியும். ஒரிசாக்காரர்கள் ஊருக்குப் போயிருந்தார்கள். நான் மறுபடி அணைத்தேன். அதற்கடுத்த முறையும் ஓடியது. வரிசையாகக் காரணங்களை யோசித்தேன்: சுவிட்ச் பழுது, வயர் கோளாறு, யாராவது விளையாடுவது. சுவிட்சைக் கழற்றிப் பார்த்தேன். நன்றாக இருந்தது. அந்த வாரம் திருச்செங்கோட்டில் என் அறையில் கரண்ட் போய் வந்தபோது, என் விசிறி தானாகச் சுற்றத் தொடங்கியதும் நான் எழுந்து வெளியே போய் நின்றேன்.

பிறகு ஒரு மத்தியானம், தறிக்குப் போனவர்கள் திரும்பாத நேரம், நான் சொல்லாமல் போனேன். படியேறும்போதே நடைபாதையில் ஒருவர் நிற்பது தெரிந்தது. கிரீடம் வைத்த குழந்தையின் படத்துக்குப் பின்னால் தோள் வரை கை போயிருந்தது. டக்கென்று சுவிட்ச் சத்தம்.

அந்த அம்மாவை நான் அதுவரை மனுவில் ஒட்டியிருந்த போட்டோவில்தான் பார்த்திருந்தேன்.

"நீங்களாம்மா?"

அவர் பதறவில்லை. கையை மெதுவாக வெளியே எடுத்தார். கம்பி கிழித்த பழைய கீறல்கள் முழங்கைக்கு மேல் இருந்தன.

"நீதான் நிறுத்தறயா சாமி?" என்றார். "நானும் ஆருடா நிறுத்தறாங்கன்னு பார்த்துட்டே இருந்தேன்."

"யாரும் இல்லாத வீடுங்களே."

"அவருக்கு வேக்காடு ஆகாதுங். ஆத்தங்கரையில இருந்தப்ப காத்துக்குக் கொறையில்ல. இங்க வந்த நாள்ல இருந்து, இது ஊடா, சூளையான்னு கேட்டுட்டே இருப்பாரு. ஃபேன் நின்னா எந்திரிச்சு உக்காந்துக்குவாரு." கொஞ்சம் நிறுத்தி, "எந்திரிக்க வேண்டாம்னுதான் போட்டுட்டுப் போறேன்" என்றார்.

எனக்கு அந்தக் கடைசி வார்த்தை புரிய ஒரு கணம் ஆயிற்று. மற்றவர்கள் அவர் உள்ளே வந்துவிடுவாரோ என்று பயந்தார்கள். இந்த அம்மாவைப் பொறுத்தவரை அவர் இன்னும் போகவே இல்லை.

"ஒப்புதல் வந்தாச்சுங்கம்மா. வர்ற வாரம் சுவரை அடைக்கிறோம்."

"அடச்சா என்ற கை எட்டாதே."

"கதவைத் திறந்து நீங்க உள்ளே வந்து இருக்கலாமே. இருந்தாத்தான் வீடு உங்க பேருக்கு வரும்."

"அடைப்பு முடியாம எப்படிங்? அவரு பாட்டுக்கு இருக்கறப்ப நான் போயி எங்க படுக்கறது?"

அவர் பேனரைச் சரியாக இழுத்துவிட்டார். "ஊட்டைப் புடுங்கிக்குவாங்களா சாமி?" என்று கேட்டது படியில் இறங்கத் தொடங்கிய பிறகுதான்.

வெட்டின கம்பிகளோடு புதுக் கம்பிகளை இணைத்துக் கட்டி, பலகை அடித்து, கான்கிரீட் வார்த்தோம். நடைபாதையில் எல்லோரும் கூடியிருந்தார்கள். ஒருவர் தேங்காய் உடைத்தார். காதணி விழா பேனரை யாரும் கையில் வாங்காததால் காவலாளி குச்சியால் எடுத்துக்கொண்டு போனார். உட்பக்கப் பலகையைக் கழற்ற வேண்டாம், அப்படியே இருக்கட்டும், கதவு திறக்கும்போது எடுத்துக்கொள்ளலாம் என்று சொன்னேன். அந்தப் பலகையைப் பொருத்தி ஓட்டையை மூடுவதற்கு முன் கடைசியாக உள்ளே கை விட்டது நான்தான். அந்த அம்மா கூட்டத்தின் பின்னால் நின்று என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். சுவிட்ச் போட்ட நிலையில் இருப்பதைத் தொட்டுப் பார்த்துவிட்டு, கையை எடுத்தேன்.

கீழே மீட்டர் பெட்டியில் அந்த வீட்டின் மீட்டர் மெதுவாக ஓடியது. அன்று மாலை அலுவலகத்தில், வீட்டில் மின்சாரம் தொடர்ந்து பயன்பாட்டில் இருக்கிறது என்று எழுதினேன். அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. மேலதிகாரி படித்துவிட்டு, "ஆள் இருக்காங்கன்னு சொல்லு" என்றார். "மின்சாரம் பயன்பாட்டில் இருக்கு சார்" என்றேன். அவர் என்னைப் பார்த்தார். பிறகு கையெழுத்துப் போட்டார்.

அதன்பின் அங்கே போகும்போதெல்லாம் முதல் மாடியில் கொஞ்சம் நிற்கிறேன். சாக்பீஸ் குறிகளைத் தாண்டி விரிசல் நீளவில்லை. புதுக் கான்கிரீட் பழையதைவிடக் கருப்பாக, ஒரு ஆள் படுத்த அளவில் தெரிகிறது. அதில் காதை வைத்தால் எதுவும் கேட்பதில்லை. கதவில் வைத்தால் கேட்கிறது.

இப்போதைய நிலை இது. அடைப்பு முடிய இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது. கதவு பூட்டியிருக்கிறது. ரத்து நடவடிக்கை நிறுத்தி வைக்கப்பட்டிருக்கிறது, பெயர் மாற்றம் இன்னும் ஆகவில்லை. மேல்வீட்டில் சமையலறையில்தான் படுக்கிறார்கள். விசிறி ஓடிக்கொண்டிருக்கிறது.