நெடி வராத மிளகாய்

என் கணவருக்கு வீசிங் தொந்தரவு. அவருக்காகவே காய்ந்த மிளகாய் தாளிப்பதை நிறுத்தியிருந்தேன். திருவண்ணாமலை வேங்கிக்காலில் புது வீடு கட்டிக் குடிபோன வருடம் தொந்தரவு இன்னும் அதிகமானது. "ஊர் கண்ணுதான்" என்றார் மாமியார்.

ஒரு வெள்ளிக்கிழமை கணவரைச் சமையலறையில் உட்கார வைத்து, உப்பும் மிளகாயும் சுற்றி, அடுப்பில் காய்ந்துகொண்டிருந்த இரும்புச் சட்டியில் போட்டுவிட்டார். நெடி வீடு முழுக்க ஏறியது. நான் ஜன்னலைத் திறக்க ஓடினேன். "நெடி வந்தா நல்லதும்மா, கண்ணு இல்லனு அர்த்தம்" என்று மாமியார் சொல்லும்போதே கணவர் மூச்சுவிட முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டார். உதடு நீலமாகிவிட்டது. ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு ஓடினோம். "இன்னும் கொஞ்சம் லேட்டாயிருந்தா கஷ்டம்மா" என்றார் டாக்டர்.

இனி மிளகாயைத் தோட்டத்தில்தான் எரிக்க வேண்டும் என்று கறாராகச் சொல்லிவிட்டேன். மாமியாரும் ஒத்துக்கொண்டார். வெட்டவெளிக் காற்றில் நெடி எங்கே நிற்கும்? யாருக்கும் ஒரு தும்மல்கூட வரவில்லை.

"பாத்தியா, நெடியே வரல! எவ்ளோ கண்ணு பட்டிருக்கு!" என்று மாமியார் மலைத்துப் போனார்.

நான் சிரிப்பை அடக்கிக்கொண்டு கணவரைப் பார்த்தேன். பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானப் பாடம் எடுக்கிறவர். கையில் இன்ஹேலர் இருந்தது.

"ஆமாம்மா. நாளைக்கும் ஒரு வாட்டி சுத்திடு" என்றார், சிரிக்காமலே.

இப்போது மாமியார் தினமும் சுற்றுகிறார். காற்று வீட்டுப் பக்கம் திரும்பினால் நான் ஓடிப்போய்க் கதவைச் சாத்துகிறேன். என்னால் முடிந்தது அவ்வளவுதான்.