காயாத வார்னிஷ்

எங்கள் அண்ணா கண்ணை மூடி ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு மலரைக் கையில் எடுக்கும் உறவுகளுக்கு அவருடைய பொறுமையைப் பற்றித்தான் சொல்ல விரும்புகிறேன். எழுத எழுத எனக்குக் கோபமும் வருகிறது. மன்னித்துக்கொள்ளுங்கள்.

அண்ணா பிறந்தது கடலோரக் கிராமமான சல்லியில். தொழிலுக்குப் போன அப்பா கடலிலிருந்து திரும்பவில்லை. உடலும் கிடைக்கவில்லை. அம்மா எங்கள் இருவரையும் பாலையூற்றுக்குக் கூட்டிவந்து, இடியப்பம் அவித்து விற்று வளர்த்தார். கடற்கரைப் பக்கம் தலைவைத்தும் படுக்க விடவில்லை.

அண்ணாவுக்குத் துறைமுகக் களஞ்சியத்தில் வேலை கிடைத்தது. வெள்ளைக்கார மாலுமிகள் கடலில் நீளப் பலகையொன்றில் முழந்தாளிட்டுத் துடுப்புப் போடுவதை அங்கே கண்டவர், தாமும் அப்படியொரு பலகை செய்யத் தொடங்கினார். அவருடைய கூட்டாளி ஹனிபா நானா கிண்ணியாவிலிருந்து வார்னிஷ் கொண்டுவந்து கொடுத்தார்.

"ஏன் ராசா உனக்கு இந்த வேலை?" என்றார் அம்மா.

"அப்பா போன கடலை ஒருக்காக் கிட்டப் பார்க்க வேணும் அம்மா."

எங்கள் வீடுகளில் தாய் சந்தனப் பொட்டு வைக்காமல் புதிய வள்ளம் தண்ணீரில் இறங்காது. "வார்னிஷ் காயட்டும், வைக்கிறன்" என்று அம்மா சொன்னார்.

அடித்த அன்றே பெருவிரலால் அழுத்திப் பார்த்தார். தடம் விழுந்தது. "இன்னும் காயேல்லை." அண்ணா காயவிட்டு, மண்கடதாசியால் தேய்த்து, திரும்பவும் அடித்தார். ஈரம் ஆறுமுன்னே அம்மாவின் விரல் திரும்பவும் பதிந்தது. மாரி போய், வறண்ட கச்சான் காற்று வந்தும் இதே கதைதான்.

"அம்மா வேணுமெண்டுதான் செய்யிறா அண்ணா" என்றேன்.

"தெரியும். நீ கதையாமல் இரு."

அம்மா பாயில் விழுந்த பிறகு பலகையைத் தொட ஆளில்லை. அது நன்றாகவே காய்ந்துவிட்டது. கடைசி நாளில் அம்மா கேட்டார்: "பலகை காய்ஞ்சிட்டுதோ?"

"இன்னும் இல்லை அம்மா."

அந்த நிம்மதியோடுதான் அம்மா போனார். அந்தியேட்டிக் கிரியை முடிந்ததும், "நான் பொட்டு வைக்கிறன், கொண்டு போங்கோ" என்றேன். "அம்மாவுக்குச் சொன்னது பொய்யாப் போயிடும்" என்றார் அண்ணா. அதன் பிறகு ஆண்டுதோறும் வார்னிஷ் மட்டும் அடித்தார். பலகை ஒரு நாளும் நனையவில்லை.

அவரைக் கடல் கொண்டுபோகவில்லை. காய்ச்சலில் படுத்து, கட்டிலிலேயே போனார். பிறகு எதற்காக அவரைத் தடுத்தோம்? அம்மாவில் எனக்கு இன்றும் கோபம்தான்.

நோயில் கண்ணுறங்காமல் பார்த்த அண்ணிக்கும், கிண்ணியாவிலிருந்து துறை கடந்து ஓடிவந்து கடைசிவரை கூடநின்ற ஹனிபா நானாவுக்கும், தோள் கொடுத்த அயலவர்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

அண்ணாவின் மகன் இப்போது உழைக்கும் பிள்ளை. போன கிழமை தகப்பனின் பலகைக்கு வார்னிஷ் அடித்துவிட்டு, நேற்று என்னிடம் வந்தான். "மாமி, அப்பாவுக்கு வைக்கிறன் எண்டு சொன்ன பொட்டை இப்ப வைச்சு விடுங்கோ. அப்பாவுக்காக ஒருக்காக் கடலுக்குப் போயிட்டு வாறன்."

சந்தனம் குழைத்துக்கொண்டுதான் போனேன். பெருவிரலால் அழுத்தினேன். தடம் விழவில்லை. அவனும் பார்த்துக்கொண்டு நின்றான்.

"இன்னும் காயேல்லை" என்றேன்.

அவன் மண்கடதாசியை எடுத்தான்.