பாக்யராஜ் விட்டுப்போன பாதி வேலை

மடுகரை அந்தோணிசாமி மகள் சுவேதாவுக்குப் புதுச்சேரியில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. அப்பனும் ஆத்தாளும் கரும்பு வெட்டிப் படிக்கவைத்த பிள்ளை. கூட வேலை செய்தவன் வில்லியனூர் பாக்யராஜ், வாய் ஓயாத பையன்.

அங்கே வேலையை இரண்டிரண்டு வாரமாகப் பிரித்துக்கொள்வார்கள். கடைசி வெள்ளிக்கிழமை எது முடிந்தது, எது முடியவில்லை என்று பார்ப்பார்கள். முக்கால்வாசி செய்திருந்தாலும் முடிந்ததில் சேராது. "முக்கா பதம் வெந்தத எவன் துன்னுவான்?" என்று சிரித்தபடியே தன் வேலையையும் முடியாத பட்டியலிலேயே திருப்பி வைப்பான் பாக்யராஜ்.

ஒரு தடவை பாதி வேலையில் காய்ச்சலோடு வீட்டுக்குப் போனவன் திரும்பவில்லை. ஆண்டவர் அழைத்துக்கொண்டார். வியாழக்கிழமை அடக்கத்தில் சுவேதாவும் ஒரு பிடி மண் போட்டுவிட்டு வந்தாள்.

மறுநாள் வெள்ளி. குழுத் தலைவர் அரிகரன் திரையில் இருந்த பெயர்களைப் படித்துக்கொண்டே வந்தவர், பாக்யராஜ் பெயரில் நின்றுவிட்டார். கரும்பு வெட்டும் ஆட்களுக்கு வெட்டு நாளைப் போனில் தானாகவே சொல்லும் புரோகிராம் எழுதும் வேலை அது.

"முடிஞ்சதுன்னு போட்டுடலாம் சார். கடைசியா அவன் பேர்ல ஒண்ணு இருக்கட்டும்," என்றாள் கூட வேலை செய்யும் கல்பனா.

யாரும் மறுக்கவில்லை. அரிகரனும் தலையாட்டினார்.

சுவேதா அந்த வேலையைத் திறந்து பார்த்தாள். வெட்டு நாள் மாறினால் சொல்லும் பகுதியை அவன் தொடவே இல்லை. முடிந்தது என்று போட்டுவிட்டால் இனி ஒருவரும் திறந்து பார்க்கமாட்டார்கள். நாள் மாறியது தெரியாமல் கரும்புக் கொல்லைக்கு வந்து, கூலி இல்லாமல் திரும்புகிறவர்களில் அவள் அப்பனும் இருப்பார்.

"வேணாம் சார். அது முடியல."

"செத்தவனுக்கு இதுகூட செய்யமாட்டியாடி? அவன் டப்பாவுல துன்னவதான நீ," என்றாள் கல்பனா.

"துன்னவதான்க்கா. அவன் வேல ஒழுங்கில்லன்னு நாளைக்கி எவனாவது சொன்னா என்னால கேக்க முடியாது."

அரிகரன் திரைப் பக்கம் திரும்பினார். பிறகு, முடியாத வேலைக்கு வழக்கமாகக் கேட்பதையே கேட்டார்.

"இந்த வேல இன்னும் வேணுமா?"

"வேணும் சார்."

"எவ்ளோ பாக்கி?"

"பாதிக்கு மேல."

"அப்ப திருப்பி வெச்சுடுவோம். அடுத்த ரெண்டு வாரத்துல மொத வேல இதான். யாரு எடுக்கறீங்க?"

சுவேதா மட்டும் கையைத் தூக்கினாள். புதுப் பெயர் போட வேண்டுமானால் பழைய பெயரை எடுக்க வேண்டும். மனசுக்குள் ஒரு அருள் நிறைந்த மரியே ஜெபம் சொல்லிவிட்டு அழித்தாள். வெறுமையாய்க் கிடந்த அந்த இடத்தில் தன் பெயரை அடிக்க வெகுநேரம் விரல் வரவில்லை.

முடிந்த வேலைகளில் அன்று பாக்யராஜ் பெயரில் ஒன்றுமே இல்லை. கல்பனா பையை எடுத்துக்கொண்டு, சுவேதாவிடம் சொல்லாமலே பஸ்ஸுக்குப் போய்விட்டாள்.