மூக்கைக் கட்டிக்கொண்டு எடுத்த செம்பருத்தி

மலைமேல் மொட்டை அடிக்கும்போது வீறிட்டு அலறுகிற குழந்தையின் கண்ணில் ஃபோகஸ் பிடிப்பவள் நான். திருத்தணி அடிவாரத்தில் ஸ்டூடியோ வைத்திருக்கிறேன். மொட்டை, காதுகுத்து, கல்யாணம் எதுவானாலும் என் படம் மங்காது. இதை அடக்கமாகச் சொல்ல எனக்கு வராது. அதனால் பாவா, அதாவது என் அக்காவின் வீட்டுக்காரர், ஒரு செம்பருத்திப் பூவைப் படம் எடுத்துத் தரச் சொன்னபோது எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. பூ என்ன எழுந்து ஓடவா போகிறது?

பாவாவுக்கு அது சிரிக்கிற விஷயம் இல்லை. ஆர்.கே.பேட்டையில் வீட்டோடு இரண்டு விசைத்தறி வைத்திருக்கிறார். இருபது வருடமாக அடுத்தவர் கொடுக்கிற டிசைனைத்தான் ஓட்டுகிறார். சென்னையில் ஒரு ஜவுளிக் கடைக்காரர், முந்தானையில் ஒரே ஒரு பெரிய செம்பருத்தி, பறித்து வைத்ததுபோல இருக்கவேண்டும், திங்கட்கிழமை டிசைனைக் கொண்டு வாருங்கள் பார்க்கலாம் என்று சொல்லியிருந்தார். பிடித்துவிட்டால் பாவா முதல்முறையாகச் சொந்த டிசைன் ஓட்டலாம். அக்கா போனில் இரண்டு தடவை சொன்னாள்: "இத்த மட்டும் நல்லா எடுத்து குட்றீ. மனுசன் சோறே துன்ன மாட்டேன்றாரு."

வியாழக்கிழமை பக்கத்து வீட்டு வேலியில் ஒரு பூவைப் பறித்து வந்து ஸ்டூடியோவில் வைத்து எடுத்தேன். ரொம்பக் கிட்டத்தில் எடுக்கிற மேக்ரோ லென்ஸ். வெளிச்சம் நுழைகிற துவாரமான அப்பர்ச்சரை முழுக்கத் திறந்துவிட்டேன். பூவின் நடுவிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கிற தண்டின் நுனியில் ஐந்து சிவப்புக் குமிழ்கள் தெளிவாக நின்றன. மகரந்தத்தைத் துகள் துகளாக எண்ணலாம். பின்னால் இதழ்கள் எல்லாம் சிவப்பாகக் கரைந்து போயிருந்தன. பிரேம் போட்டு மாட்டலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

மறுநாள் பாவா அதைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தார்.

"நல்லாத்தாம்மா கீது. பூ எங்க?"

"இதோ பாவா, முன்னாடியே கீதே!"

"இது மூக்கு. மீதிப் பூ இன்னா ஆச்சு? எதழு எங்க முடியுதுன்னே தெரியல. கட்டம் போட்ட தாள்ல டிசைன் வரையற கிராப்காரன் குத்துமதிப்பா ஒரு கோடு இழுத்துட்டான்னா நான் அத்தத்தான் நெய்யணும். எல்லா ஓரமும் தெரியணும்மா. ஒரு மொக்கு, ரெண்டு எலயோட, செடில கீற மாதிரி."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. ரசனை இல்லாத மனிதர் என்று வழியெல்லாம் மனதுக்குள் திட்டிக்கொண்டே ஸ்கூட்டரில் திரும்பினேன். ஸ்டூடியோவில் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தபோதுதான் உறைத்தது. அழகான படம்தான், ஆனால் அதில் பூ இல்லை. நான் என் லென்ஸின் சாமர்த்தியத்தைப் படம் எடுத்திருந்தேன்.

கிட்டே போகப் போக ஃபோகஸில் நிற்கிற ஆழம் குறைந்துகொண்டே வரும். அரை அடிக்குள் போனால் ஒரு அரிசியின் கனம்கூடத் தேறாது. அப்பர்ச்சரைச் சுருக்கினால் ஆழம் கூடும், வெளிச்சம் குறையும். ரொம்பவும் சுருக்கினால் மொத்தப் படமுமே கூர்மை இழக்கும். அதற்கு ஒரு வழி உண்டு. கேமராவை ட்ரைபாடில் நிறுத்தி, ஃபோகஸைத் தண்டின் நுனியிலிருந்து பூவின் தொண்டைவரை மயிரிழை மயிரிழையாக நகர்த்தி இருபது படம் எடுக்க வேண்டும். ஒவ்வொன்றிலும் கூர்மையாக இருக்கிற பகுதியை மட்டும் பொறுக்கிக் கம்ப்யூட்டர் ஒரே படமாகச் சேர்த்துவிடும். இருபதிலும் பூ துளிகூட ஆடாமல் இருந்தால் போதும்.

கனகம்மாசத்திரம் பக்கத்தில் ஒரு பூந்தோட்டம் உண்டு. அந்தத் தோட்டக்கார அம்மா தினமும் மலைக்கோயிலுக்குப் பூ அனுப்புகிறவர். சனிக்கிழமை விடிந்ததும் போய் நின்றேன். அவரும் இரண்டு பெண்களும் மூக்கில் துணி கட்டிக்கொண்டு அரளி பறித்துக்கொண்டிருந்தார்கள். தூசிக்காக இருக்கும் என்று நினைத்தேன். செம்பருத்திக் கிளையை வெட்டித் தர முடியாது, மொக்கெல்லாம் நாளைய பூ என்றார் அந்த அம்மா. சரி என்று செடியிலேயே எடுத்தேன். கிளையைக் குச்சியோடு சேர்த்து வாழைநாரால் கட்டினேன். காற்று வருகிற பக்கம் துப்பட்டாவை விரித்து மறைப்புப் போட்டேன். ஒவ்வொரு படத்துக்கும் மூச்சை அடக்கினேன். வீட்டுக்கு வந்து சேர்த்துப் பார்த்தால் ஒவ்வொரு இதழுக்கும் இரண்டிரண்டு ஓரம்! பூ எப்படியோ ஆடியிருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மறுபடியும் போனேன். இதற்கு மேல் நாள் இல்லை. வாழ்க்கையில் முதல்முறையாகக் கேமராவைத் தொட எனக்குப் பயமாக இருந்தது. என் பெயர் கெட்டால் கெட்டுப் போகட்டும், பாவா வெறுங்கையோடு சென்னைக்குப் போவதை நினைக்கத்தான் முடியவில்லை. இலைகூட அசையாத காலை. குனிந்து, மூச்சை அடக்கி ஆரம்பித்தேன்.

"யம்மா! இன்னா, மூஞ்சியப் பூவுக்குள்ள உட்டுகினு கீற?" தோட்டக்கார அம்மாதான்.

"மோந்து பாக்கலம்மா. போட்டோ எடுக்கறேன்."

"மூச்சு பட்டா மோந்த மாதிரித்தான். மோந்த பூவ சாமிக்கு எப்டி அனுப்பறது? நீ புஸ்ஸு புஸ்ஸுன்னு உடற மூச்சுல பூவே ஆடுது பாரு! நேத்தும் இப்டித்தான் பண்ணியா?"

"ஆங்."

தலையில் அடித்துக்கொண்டார். நேற்றைய பூ கோயிலுக்குப் போய்விட்டது. மலை இருக்கிற திசையைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். பிறகு இடுப்பில் செருகியிருந்த துணி ஒன்றை உருவி என்னிடம் நீட்டினார். "மூக்கையும் வாயையும் கட்டிகினு எடு. நாங்க அப்டித்தான் பறிக்கறோம்."

துணியைக் கையில் வாங்கிய பிறகுதான் எனக்குப் புரிந்தது. காற்றுக்கு மறைப்புக் கட்டினேன், கிளையைக் கட்டினேன், பூவை ஆட்டியது நான்! ஒவ்வொரு படத்துக்கும் மூச்சை அடக்கிவிட்டு, எடுத்து முடித்ததும் அத்தனையையும் அதன்மேலேயே விட்டிருக்கிறேன். அடுத்த படத்துக்குள் பூ பழைய இடத்துக்குத் திரும்பியிருக்காது.

துணியை இரண்டு சுற்றுச் சுற்றி இறுக்கிக் கட்டினேன். அதில் அரளி வாசம் அடித்தது. மூச்சை அடக்கவில்லை. நிதானமாக விட்டுக்கொண்டே இருபத்திரண்டு படம் எடுத்தேன். ஸ்டூடியோவுக்கு வந்து சேர்த்ததும் வாய்விட்டுக் கத்திவிட்டேன். குமிழிலிருந்து தொண்டையின் கருஞ்சிவப்பு வரை, மடிந்த இதழின் ஓரத்து நெளிவு வரை, மொக்கு, இலை நரம்பு எல்லாம் நறுக்கென்று நின்றன. நான் நல்ல போட்டோகிராபர்தான்.

மதியமே பாவா வந்து பார்த்தார். திரையில் ஒவ்வொரு இதழின் ஓரத்தையும் விரலால் தடவிக்கொண்டே போய்த் தொடங்கிய இடத்துக்கே வந்தார். "ஆங். இது பூ" என்றார். அன்றே கிராப் போடக் கொடுத்தார். திங்கட்கிழமை மதியம் சென்னையிலிருந்து போன் செய்தார். "சேலை எப்பத் தருவன்னு கேக்கறாரும்மா" என்றார்.

புது டிசைனில் இறங்குகிற முதல் சேலையை மலையில் வள்ளிக்குச் சாத்தக் கொடுப்பது அவர்கள் வீட்டு வழக்கம். அதற்கு முன்னால் நான்தான் பாவாவைத் தோட்டத்துக்கு அழைத்துப் போனேன். அவர் மஞ்சள் பையிலிருந்து சேலையை எடுத்து முந்தானையை விரித்துப் பிடித்தார். "அம்மனுக்குப் போறதும்மா. நீங்க ஒரு தபா பாத்துடுங்க."

தோட்டக்கார அம்மா கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். பூவைக் கிட்டத்தில் பார்க்கக் குனியப் போனவர், சட்டென்று நின்றார். தன் முந்தானையை இழுத்து மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டார். பிறகுதான் குனிந்தார்.