எங்கள் பாம்புகளை மன்னியும்

மன்னாரிலிருந்து நான் மைசூருக்கு வந்த அதே வாரத்தில் மடகாஸ்கரிலிருந்து அவளும் வந்தாள். இருவரும் புதிதாக வார்த்தைப்பாடு கொடுத்த கன்னியாஸ்திரிகள்; ஒரே அறை, அடுத்தடுத்த கட்டில். கன்னடம் யாருக்கு முதலில் வருகிறதோ அவர் ஹெப்பாள் பக்கத்துத் தொழிலாளர் குடியிருப்புகளில் வீடு சந்திக்கப் போகலாம், மற்றவர் சமையலறையில் இருக்கவேண்டும் என்று மதர் சொல்லிவிட்டார். வெங்காயம் உரிக்கவா நான் கடல் தாண்டி வந்தேன்?

மதருக்கு ஊர் ஹனூர் பக்கம், வீட்டில் தமிழ். "நீ ஏன் கண்ணு பயப்படற? தமிழ் தெரிஞ்சவளுக்குக் கன்னடம் எத்தன நாளைக்கு?" என்றார்.

"ஓம் மதர், ஒரு மாசத்தில பிடிச்சிருவன்" என்றேன். சாப்பாட்டு மேசையில் நாங்கள் இருவரும் தமிழில் பேசிச் சிரிப்போம். அவள் ஒன்றும் புரியாமல் சோற்றைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

எனக்கு ஒரு குறுக்குவழியும் அகப்பட்டது. பால் ஹாலு, பூ ஹூவு, பத்து ஹத்து, புலி ஹுலி. தமிழில் 'ப' வந்தால் 'ஹ' போட்டால் போதும்! அவளோ நீல நோட்டோடு பூக்காரியிடமும் பால்காரரிடமும் ஒவ்வொரு சொல்லாகக் கேட்டு எழுதிக்கொண்டிருந்தாள். பாவம் என்று நினைத்தேன்.

மூன்றாம் மாதம் பூக்காரி அவளுக்கு மட்டும் ஒரு முழம் கூடுதலாக அளந்தாள். பேருந்தில் பெண்கள் அவளுக்கு நகர்ந்து இடம் விட்டு ஊர்க்கதை பேசினார்கள். என் முகம் அவர்களுக்குப் புதிதல்ல; என்னைத் திரும்பிப் பார்க்க என்ன இருக்கிறது? எனக்கு எரிந்தது. அவள் தும்மினால்கூடக் கன்னடத்தில் தும்முவதாகத் தோன்றியது.

ஒரு வெள்ளிக்கிழமை மாலை ஆலைத் தொழிலாளி ஒருவரின் வீட்டில் செபக்கூட்டம். முடிவுச் செபத்தை என்னைச் சொல்லச் சொன்னார் மதர். நான் எழுதி வைத்திருந்ததைத் திருத்தித் தர அவள் கை நீட்டினாள். "நோட்லா?" பார்க்கட்டுமா என்று அர்த்தம்.

"பேட" என்றேன். வேண்டாம் என்பதற்கான அந்தச் சொல் மட்டும் எனக்குப் பிழையில்லாமல் வந்தது.

பாவத்துக்கு என் கணக்கில் கன்னடம் 'ஹாவு'. கண்ணை மூடி உருகினேன்: "தேவரே, நம்ம ஹாவுகளன்னு க்ஷமிஸு. நம்ம ஹாவுகளு தும்பா தொட்டவு." வீட்டுக்காரம்மா சட்டென்று காலைத் தூக்கிக் கட்டிலில் வைத்துக்கொண்டார். ஹாவு என்றால் பாம்பு. எங்கள் பாம்புகளை மன்னியும், அவை மிகவும் பெரியவை என்று கடவுளிடம் கெஞ்சியிருக்கிறேன்.

சிரிப்பு எழும் முன்னே அவள் குரல் எழுந்தது. ஏவாளை ஏமாற்றிய பாம்பு நம் எல்லோருக்குள்ளும் இருக்கிறது, சிஸ்டர் அதைத்தான் சொல்கிறார் என்று நிதானமான கன்னடத்தில் சொன்னாள். எல்லோரும் ஆமென் என்றார்கள். எனக்கு நன்றி வரவில்லை. என் பிழையையும் எடுத்துத் தன் பிரசங்கமாக்கிக்கொண்டாளே என்று வயிறு பற்றி எரிந்தது.

வாசலில் வீட்டுக்காரம்மா என் கையைப் பிடித்து, "பாப, சிஸ்டர்" என்றார். பாவத்துக்குச் சரியான கன்னடச் சொல் அதுதான். பரிதாபத்துக்கும் அதுதான், தமிழைப் போலவே.

அந்த வீட்டில் வெளிச்சம் போதவில்லை என்று மதரிடம் சொல்லிப் பார்த்தேன். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். கண்ணை மூடிச் செபித்தவளுக்கு வெளிச்சம் எதற்கு?

"வீடு சந்திக்க அவளே வரட்டும் கண்ணு. நீ கொஞ்ச நாளைக்கு அடுப்படியப் பாத்துக்க" என்றார் மதர்.

மறுநாள் பாவசங்கீர்த்தனம். பங்குச் சாமியாருக்குக் கன்னடம்தான் தெரியும். பொறாமைக்கு என்ன சொல்? 'ஹொறாமை' என்று சொல்ல இனித் துணிவில்லை. வேறு வழியின்றி அவளிடமே சைகையும் அரைகுறைக் கன்னடமுமாகக் கேட்டேன்.

நோட்டைத் திறந்து காட்டினாள். ஹொட்டெகிச்சு. வயிற்றுத் தீ. இரண்டாம் பக்கத்திலேயே, பாலுக்கும் உப்புக்கும் நடுவே எழுதியிருந்தாள். வந்த வாரத்திலேயே இந்தச் சொல் உனக்கு எதற்கு என்று கேட்டேன்.

"நீவு மதர் ஜொதெ தமிழல்லி நகுத்தா இத்ரி" என்றாள். நீங்கள் மதரோடு தமிழில் சிரித்துக்கொண்டிருந்தீர்கள்.

அதிலும் அவள் என்னை முந்தியிருந்தாள்.