புளியமரத்துக் காளானும் அம்மாவின் மாத்திரையும்

எங்கள் குடும்பத்தில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் நான். அதனால் நான் சொல்வதை வீட்டில் யாரும் திருப்பிக் கேட்பதில்லை. கேட்டிருக்கலாம்.

காரைக்குடியில் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்கிறேன். பட்டுப்போன புளியமரங்களில் தட்டுத்தட்டாகப் பிடித்திருக்கும் காளானைப் பெயர்த்துவந்து, காயவைத்து, அரைத்துச் சாறு எடுப்பேன். லேபில் வளர்த்த எலியின் செல்களைச் சீண்டிவிட்டு அதில் இந்தச் சாற்றை விட்டால், வீக்கத்தைக் கிளப்பும் பொருள்கள் குறைகின்றனவா என்று பார்க்க வேண்டும். முதல் தடவை நன்றாகவே குறைந்தது. அன்று வீட்டுக்குத் திரும்பும் திருப்பத்தூர் பஸ்ஸில் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. செருப்பைக் கழற்றும்போதே அம்மாவிடம் சொல்லிவிட்டேன், காளான் சாறு வீக்கத்தைக் குறைக்கிறது என்று.

அம்மாவுக்கு முடக்குவாதம். காலையில் விரல்கள் மடங்காது. ஆஸ்பத்திரி மாத்திரையில்தான் வண்டி ஓடிக்கொண்டிருந்தது.

அதற்குப் பிறகு செய்த சோதனைகள் சரியாக வரவில்லை. சாறு கெட்டதா, செல் கெட்டதா, என் கைதான் சரியில்லையா, ஒன்றும் புரியவில்லை. சோற்றைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருப்பேன். அப்படியொரு காலையில்தான் அம்மா பால் பாக்கெட்டைப் பல்லால் கடித்துப் பிரிப்பதைப் பார்த்தேன். விரல் கணுக்கள் புடைத்துப் பளபளத்தன. தங்கச்சி போட்டு உடைத்தாள். அம்மா மாத்திரையை நிறுத்தி ஒரு மாதமாகிறதாம்.

ஏன் என்று அம்மாவிடம் கேட்டேன். மாத்திரையால் வயிறு எரிகிறது என்பாள் என்று நினைத்தேன்.

"எம்மகன் மருந்து கண்டுபிடிச்சுட்டான்னு ஊர்ல அம்புட்டுப் பேருகிட்டயும் சொல்லிருக்கேன். நானே ஆஸ்பத்திரி மாத்திரையப் போட்டா, பெத்தவளே நம்பலைன்னு பேச மாட்டாக?"

அந்தச் சாற்றில் எது வேலை செய்கிறது என்றே இன்னும் தெரியாது, மனிதருக்கு வர எத்தனையோ வருஷமாகும், வராமலேயும் போகலாம், அதற்குள் விரல் கோணிவிட்டால் எந்த மருந்தும் நிமிர்த்தாது என்று படபடவென்று சொன்னேன்.

"அப்ப வீக்கம் குறையலையா?"

"எலியோட செல்லுக்குத்தான்மா. அதுவும் ஒரு தடவை."

பரீட்சையில் கோட்டை விட்டவனைப் பார்ப்பதுபோல் பார்த்தாள். பிறகு, ஊர்க்காரர்களுக்கு என்ன பதில் சொல்வது என்று கேட்டாள்.

"மகன்தான் போடச் சொன்னான்னு சொல்லு."

அது அவளுக்குப் பிடித்திருந்தது. அன்றே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். டாக்டர் எங்கள் இருவரையும் சேர்த்துத் திட்டிவிட்டு, மறுபடி மாத்திரை எழுதினார். மெல்ல மெல்ல வீக்கம் வடிந்தது. பால் பாக்கெட்டைக் கத்தரிக்கோலால் வெட்டுகிற அளவுக்குத் தேறிவிட்டாள்.

போன வாரம் பஸ் ஸ்டாப்பில் நின்றபோது பக்கத்து வீட்டு அத்தை முழங்காலைப் பிடித்துக்கொண்டே வந்தார்.

"ஏந் தம்பி, அம்மாவுக்கு ஏதோ மாத்திரை குடுத்தீகளாமே. கை நல்லா இருக்கே இப்ப. எனக்கும் ரெண்டு குடுத்தா என்ன?"

"அத்தை, அது ஆஸ்பத்திரி மாத்திரை. நீங்களும் போயி டாக்டரப் பாருங்க."

அத்தையின் முகம் மலர்ந்தது.

"அப்ப ஒங்க மருந்த ஆஸ்பத்திரிக்கே குடுத்துட்டீகளா?"

பஸ் வந்துவிட்டது. ஏறவா, நின்று விளக்கவா என்று தெரியாமல் படியில் ஒரு கால் வைத்தபடி நின்றேன். கண்டக்டர் விசில் ஊதினார்.