"எறிகிறார்" என்று எழுதினேன்

மூன்று ஆண்டுகளுக்கு முன், மாசி மாதத்து ஞாயிறு ஒன்றில், சிங்கப்பூரின் தேக்காவிலிருந்து நடந்தே போகக்கூடிய ஒரு திடலில் தொடங்கியது இது. இதுவரை முழுவதையும் யாரிடமும் சொன்னதில்லை. என் மனைவிக்குக்கூடப் பாதிதான் தெரியும்.

எனக்கு வயது எழுபத்து நான்கு. தெம்பனிஸ் பேருந்து நிலையத்தில் நேரக் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவன். விடியலில் பதிகங்களும் பாசுரங்களும் ஓதுவது சிறுவயது முதல் உள்ள பழக்கம். அதற்கு அடுத்தபடி என் மனம் தோய்ந்த இடம் ஒன்று உண்டென்றால் அது வேகப்பந்து வீச்சு. நான் ஒரு நாளும் பந்து வீசியவனல்லன். பார்ப்பவன், அவ்வளவே. ஓய்வு பெற்றபின் ஞாயிறுதோறும் திடல் திடலாகப் போய், புதிதாக வரும் வீச்சாளர்களைப் பார்த்துக் குறிப்பெழுதி வந்தேன்.

பார்ப்பதற்கு எனக்கென்று ஒரு முறை இருந்தது. இறைவனின் திருவுருவைத் திருவடி தொடங்கித் திருமுடி வரை பாடிச் செல்லும் பாடல்களில் ஊறியவன் நான். சந்நிதியில் நின்றாலும் கண் முதலில் பாதத்தில்தான் விழும். வீச்சாளரையும் அப்படியே பார்ப்பேன். முதலில் குதிகால், அது தரையில் பதியும் கோணம். பிறகு முழங்கால், இடுப்பு, தோள், முழங்கை, மணிக்கட்டு. தலை ஆடுகிறதா என்பது கடைசியில். இந்த வரிசை முடியாமல் பேனாவைத் திறக்க மாட்டேன். நான் நல்லவர் என்று குறித்த சிலர் பின்னாளில் முதல்நிலை அணிகளில் ஆடினார்கள். ஆகவே எங்கள் ரசிகர்களின் கைப்பேசிக் குழுவில் என் குறிப்பேட்டுப் பக்கத்தின் படத்துக்கு ஒரு மதிப்பு ஏற்பட்டிருந்தது. "நோட்டு ஐயா என்ன சொன்னாரு?" என்று கேட்பார்கள். அந்தக் கேள்வி எனக்கு இனித்தது.

அந்த வாரம் வியாழக்கிழமை முதல்நிலை அணி ஒன்றின் செயலாளர் என்னை அழைத்தார். குளிர்சாதனப் பராமரிப்பு நிறுவனம் ஒன்றை நடத்துபவர். இங்கேயே பிறந்து வளர்ந்தவர்.

"அங்கிள், ஞாயித்துக்கிழமை ஒரு ஆளக் கொஞ்சம் பாருங்க லா. உட்லண்ட்ஸ் பக்கம் தொழிலாளர் டாமிட்டரி டீம்ல போடறாரு. ரொம்ப ஃபாஸ்டுன்னு சொல்றாங்க."

பார்க்கிறேன் என்றேன்.

"அவருக்கு ஷிப்யார்டுல வேலை பெர்மிட் முடியப் போகுது, இனிமே புதுப்பிக்க மாட்டாங்களாம். எனக்கு ஏர்கான் வேலைக்கும் ஆள் வேணும், டீமுக்கும் ஆள் வேணும். ரெண்டும் ஒரே ஆளா இருந்தா எனக்கு லாபம்தானே? உங்க நோட்டுல நல்லா வந்தா நான் எடுத்துக்கறேன்."

அதாவது, நான் எழுதப்போகும் வரியில் ஒருவருடைய பிழைப்பு தொங்குகிறது என்பது எனக்கு முன்கூட்டியே தெரியும். தெரியாது என்று சொல்லித் தப்பிக்க வழியில்லை.

ஞாயிறன்று கோயிலில் அபிஷேகம் நீண்டுவிட்டது. நான் திடலுக்குப் போய்ச் சேர்ந்தபோது அந்த இளைஞர் தம் மூன்றாம் ஓவரை வீசத் தயாராகிக்கொண்டிருந்தார். என் பழைய நண்பர் மரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். அவருடைய முன்னோர் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர்கள். பேச்சில் அந்த வாசனை இன்னும் போகவில்லை. நான் உட்காரும் முன்பே தொடங்கிவிட்டார்.

"வாரும், வாரும். இதென்ன காணும், மாங்காய்க்குக் கல்லெறியிற மாதிரி எறியிறான்! நீர் பார்த்துச் சொல்லும்."

அந்தச் சொல் காதில் விழுந்ததும் என் கண் நேரே முழங்கையில் போய் நின்றது. குதிகாலைப் பார்க்கவில்லை. இடுப்பைப் பார்க்கவில்லை. ஆறு பந்துகளும் முழங்கையையே பார்த்தேன். அது வளைந்திருந்தது, ஐயத்துக்கு இடமில்லாமல் வளைந்திருந்தது. ஐந்தாம் பந்தில் மட்டையாளரின் நடுக்குச்சி எகிறி விழுந்தது. நடுவர் ஒன்றும் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை நடுவருக்கு என்ன தெரியும் என்று எண்ணிக்கொண்டேன். குறிப்பேட்டைத் திறந்து, "வேகம் உண்டு. ஆனால் எறிகிறார்" என்று எழுதினேன். படமெடுத்துக் குழுவுக்கு அனுப்பினேன்.

அரைமணி நேரத்தில் பாராட்டுகள் குவிந்தன. ஐயா கண்ணுக்குத் தப்புமா என்றார் ஒருவர். ஈட்டி எறியும் போட்டிக்கு அனுப்புங்க லா என்றார் இன்னொருவர். அதைப் படித்து நான் சிரித்தேன். சிரித்ததையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

அடுத்த சனிக்கிழமை முற்பகல் கோயிலில் பிரசாதம் வழங்கும் தொண்டு என் முறை. சர்க்கரைப் பொங்கலைச் சிறு கிண்ணங்களில் வைத்து நீட்டிக்கொண்டிருந்தேன். வரிசையில் வந்த ஒருவர் இடக்கையை நன்றாக நீட்டினார். வலக்கை பாதியில் நின்றது. பிரசாதத்தை இப்படியா வாங்குவது என்று எனக்குச் சற்றுக் கோபம்.

"ரெண்டு கையையும் நீட்டி வாங்குங்க தம்பி."

"இதுக்கு மேல நீளாதுங்க ஐயா."

நிமிர்ந்து பார்த்தேன். திடலில் பார்த்த அந்த இளைஞரேதான்.

"கைக்கு என்ன ஆச்சு?"

"யார்டுல பைப்பு விழுந்துச்சுங்க. அஞ்சு வருசம் ஆகுது. எலும்பு கூடிருச்சு, கைமுட்டி மட்டும் நிமிரல." பிறகு என் முகத்தை உற்றுப் பார்த்தார். "நீங்க நோட்டு எழுதுற ஐயாதான? நான் எறியறேன்னு எழுதிருந்தீங்களாம்."

அவர் குரலில் சினம் இல்லை. உண்மைதானா என்று தெரிந்துகொள்ளும் கேள்வியாகவே கேட்டார். நான் பதில் தேடுவதற்குள், "அண்ணே, பொங்கலு ஆறுது, நகருங்க" என்று பின்னாலிருந்தவர் குரல் கொடுத்தார். இளைஞர் கிண்ணத்தை வாங்கிக்கொண்டு நகர்ந்துவிட்டார்.

கிரிக்கெட்டின் விதி எனக்கு நன்றாகத் தெரியும். மடங்கிய கையை வீசும் கணத்தில் நிமிர்த்தினால்தான் அது எறிதல். எப்போதுமே மடங்கியிருக்கும் கையால் வீசுவது குற்றமே ஆகாது. அன்று திடலில் அவர் பந்து போட்டுவிட்டுத் தம் இடத்துக்குத் திரும்பி நடந்தபோதெல்லாம் அந்தக் கை அதே மடிப்போடுதான் பக்கத்தில் தொங்கியிருக்கும். ஆறு முறை என் முன்னால் அப்படி நடந்திருக்கிறார். முழு ஆளையும் பார்க்கும் என் வழக்கப்படி ஒரு முறை பார்த்திருந்தால் போதும்.

பிரசாதம் கொடுத்த அன்று மாலையே செயலாளரை அழைத்திருக்க வேண்டும். அழைக்கவில்லை. குழுவில் இரண்டு வரி எழுதினேன், அழித்தேன். ஞாயிறன்று இன்னொரு முறை பார்த்து உறுதி செய்துகொள்வோம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஞாயிறு மழை பெய்து ஆட்டம் நடக்கவில்லை. பிறகு கோயிலில் திருவிழா ஏற்பாடுகள் என்று ஒரு காரணம் கிடைத்தது. உண்மையான காரணம் ஒன்றுதான். "ஐயா கண்ணுக்குத் தப்புமா" என்று எழுதியவர்கள் முன்னால், தப்பிவிட்டது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஒவ்வொரு நாள் காலையும் குளித்து, திருநீறு அணிந்து, குரல் குழையப் பாடிக்கொண்டுதான் இருந்தேன். அப்படியே பத்து நாள்கள் போயின.

பத்தாம் நாள், செவ்வாய்க்கிழமை, அழைத்தேன்.

"அங்கிள், டீம் லிஸ்ட் வெள்ளிக்கிழமையே அனுப்பியாச்சு. ஏர்கான் வேலைக்கும் வேற ஆள் எடுத்துட்டேன்."

முழங்கை பற்றிச் சொன்னேன்.

"ஐயோ, வெள்ளிக்கிழமை வரைக்கும் ஒரு எடம் காலியாத்தான் வெச்சிருந்தேன். ஒரு டாக்டர் லெட்டர் வாங்கிருந்தா முடிஞ்சது. இது உங்களுக்கு எப்ப தெரியும் அங்கிள்?"

"இன்னிக்குத்தான்" என்றேன்.

அறுபது ஆண்டுகளுக்கு மேலாகத் தேவாதி தேவனின் பெயரைச் சொன்ன நாக்கு, ஒரு கணமும் தடுமாறாமல் அந்தப் பொய்யைச் சொன்னது. செயலாளர் அதை நம்பினார். "பரவால்ல அங்கிள், நீங்க என்ன பண்ணுவீங்க" என்று என்னைத் தேற்றவும் செய்தார்.

குழுவில் என் குறிப்பு தவறு என்று எழுதினேன். இரண்டு பேர் கைகூப்பும் படம் போட்டார்கள். தவறை ஒப்புக்கொள்ளும் பெருந்தன்மை யாருக்கு வரும் என்று ஒருவர் என்னைப் புகழ்ந்தார். அந்த இளைஞருக்கு இனி என்ன வழி என்று ஒருவரும் கேட்கவில்லை.

அவருடைய அணித்தலைவரிடம் எண் வாங்கி அழைத்தேன். அடுத்த புதன்கிழமை ஊருக்குத் திரும்புவதாகச் சொன்னார். இடையில் வேறு இரண்டு இடங்களில் முயன்று பார்த்ததாகவும், மடங்கிய கையைப் பார்த்ததும் யோசிக்கிறார்கள் என்றும் சொன்னார். உட்லண்ட்ஸில் ஒரு காப்பிக் கடையில் மாலை ஐந்து மணிக்குச் சந்தித்தோம். வேலை உடையோடு வந்திருந்தார். தலைக்கவசத்தின் வார் பதிந்த தடம் தாடையில் அழியாமல் இருந்தது.

அவரிடம் எதையும் மறைக்கக்கூடாது என்று தீர்மானித்துப் போயிருந்தேன். தாமதமாக வந்ததை, கையை மட்டும் பார்த்ததை, கோயிலில் உண்மை தெரிந்தபின் பத்து நாள் வாய் திறக்காமல் இருந்ததை, செயலாளரிடம் சொன்ன பொய்யை, எல்லாவற்றையும் சொன்னேன். அவர் தேநீரை ஆற்றியபடி கேட்டுக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னார்.

"பந்து போடறது ஆசைக்குங்க ஐயா. அது எங்க ஊரு பொட்டல்லயும் போட்டுக்கலாம். எனக்கு அந்த வேலதான் வேணும். தங்கச்சி காலேசு ரெண்டாவது வருசம் படிக்குது."

செயலாளரிடம் உள்ளதைச் சொல்லி மறுபடியும் கேட்கிறேன் என்றேன்.

"வேற ஆள எடுத்துட்டாருல்ல? அந்தாளத் தொரத்திட்டு நான் போயி உக்காரவா? வேணாங்க."

பிறகு கோப்பையை மேசையில் வைத்தார்.

"மொத நாளு எழுதுனீங்க பாருங்க, அது தெரியாம எழுதுனது. நானே அந்த எடத்துல இருந்தா எறியறான்னுதான் சொல்லிருப்பேன். அத விடுங்க. அந்தப் பத்து நாளு என்னங்க ஐயா பண்ணீங்க?"

குத்திக்காட்டுவதற்காக அவர் கேட்கவில்லை. ஓர் உண்மையான விடைக்காகக் காத்திருந்தார். "மன்னிச்சிடுங்க தம்பி" என்று மட்டும் சொல்ல முடிந்தது. "பஸ் வந்துருச்சுங்க" என்று எழுந்தார். போகும்போது, பெரியவர் என்ற மரியாதைக்காக இரு கைகளையும் குவித்தார். ஒரு கை மற்றதோடு சரியாகச் சேரவில்லை.

புதன்கிழமைக்குள் செயலாளரை அழைத்து, நான் சொன்னது பொய் என்று சொன்னேன். அதன்பின் அவர் என்னை அழைப்பதில்லை. அது நியாயம். அந்த இளைஞரின் எண் இப்போது வேறு யாரிடமோ இருக்கிறது.

பிழையெல்லாம் பொறுத்தருள வேண்டும் என்று இறைவனைக் கேட்கும் வரிகளை நான் இன்றும் நாள்தோறும் ஓதுகிறேன். முன்பெல்லாம் நாவில் தானாக உருண்டோடிய வரிகள் அவை. இப்போது அந்த இடம் வரும்போது குரல் தயங்கி நின்றுவிடுகிறது. அறியாமல் செய்த பிழையை அவர் அந்தக் காப்பிக் கடையிலேயே தள்ளுபடி செய்துவிட்டார். அறிந்தபின் நான் காத்த பத்து நாள் மௌனத்தைப் பற்றி அவர் கேட்ட கேள்விக்கு, சந்நிதியில் நின்று கேட்டுப் பார்த்தும், என்னிடம் இன்றுவரை விடையில்லை.